திருமதி மீனாட்சி எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்

ஒரே காலைப்பொழுதில் நூறு ஆண்களைப் பெண்களாக்கியவள் நான். மீசையோடு, வேட்டியோடு, துண்டோடு. மந்திரம் தெரியாது, மருத்துவம் தெரியாது. தெரிந்ததெல்லாம் கொஞ்சம் கம்ப்யூட்டர். (கொஞ்சம் தெரிந்தவர்கள் கையில்தான் எந்தக் கருவியும் முழு வேகத்தில் ஓடும். முழுசாகத் தெரிந்தவர்கள் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டேதான் உட்காருவார்கள்.)

இந்தத் தொழிலுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. திரை பச்சையாக இருந்தது, வெள்ளையானது, மடியில் ஏறியது, உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது. நானும் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத கால் எனக்கு; மனசு அதைவிட மோசம். ஆபீஸில் இளம்பிள்ளைகள், "மேடம், நாம ஒண்ணும் சொல்லித்தர வேண்டாம், மெஷின் தானே பார்த்துக் கத்துக்கும்" என்று கண் மின்னச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் திருமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம் தெரிகிறது. புழுதி பறக்கிறது. மைக் கீச்சிடுகிறது. என் அப்பாவின் குரல் கேட்கிறது. நான் அவசரமாகத் தண்ணீர் குடிக்கிறேன்.

அப்பா பெயர் மீனாட்சிசுந்தரம். மதுரை டவுன் பஸ்ஸில் ஏறி இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் ஒருவர் டிரைவராக இருக்கக்கூடும் என்பதால் கூப்பிடாமல் இருப்பது நல்லது. அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். ஊழியர் சங்கத்தில் பொறுப்பு. மைக் தேவைப்படாத குரல். ஆனால் மைக் மேல் தீராத காதல்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கம்ப்யூட்டர் வந்தால் கிளார்க்குகள் எல்லாம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பாவின் சங்கம் ஊர்வலம் போனது. "வேண்டாம் வேண்டாம் கம்ப்யூட்டர் வேண்டாம்! வயித்தில் அடிக்கும் மெஷின் வேண்டாம்!" கோஷத்தை எழுதியவர் அப்பா, எடுத்துக்கொடுத்தவரும் அப்பா. ஊர்வலம் போன தெருவில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில், அந்த வேண்டாத மெஷினுக்கு முன்னால் வேண்டி விரும்பி உட்கார்ந்திருந்தவள் நான். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்வையைத் தாழ்த்தினார். குரலை உயர்த்தினார். ஊர்வலம் முடிந்து கொடியைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு நேரே மாடி ஏறி வந்தார்.

"முடிஞ்சுச்சாத்தா? வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கூப்பிட்டார். அப்போது கம்ப்யூட்டர் அறைக்குள் யாரும் செருப்போடு நுழைய முடியாது. அந்த மாடியில் பயிற்சி மையம் நடத்திய எங்கள் ராஜன் சார் மானிட்டருக்குச் சந்தனப்பொட்டு வைத்து, வெள்ளிக்கிழமை பத்தி கொளுத்துவார். அறையில் ஏ.சி. உண்டு, அது எங்களுக்கு இல்லை, மெஷினுக்கு. நாங்கள் அதன் குளிரில் ஓசியில் வாழ்ந்தோம். கீழே கடையில் யாராவது குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே பிளாப்பி டிரைவ் தூக்கிவாரிப் போட்டதுபோல் ஒருமுறை சத்தமிடும்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. ஒரு கம்பெனியில் பயிற்சி வேலை. பதினைந்து நாளில் வந்து சேர வேண்டும். நான் அந்தக் கடிதத்தைப் பழங்காநத்தம் வீட்டில் எத்தனை தடவை படித்தேன் என்றால், மடிப்பு கிழிந்து அது இரண்டு கடிதமாகிவிட்டது.

அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "நான் தெருவுல எறங்கி வேணாம்னு கத்துறேன். எம் பொண்ணு மெட்ராசுக்கே போயி அதுக்கு வேலை பாப்பாளா? சங்கத்துல என் மூஞ்சிய எங்க வைக்கிறது?"

"இருக்கிற எடத்துலயே வைங்க. ரசம் ஊத்தவா?" என்றாள் அம்மா.

"பி.எட். படிக்கச் சொல்லு. பள்ளிக்கூடத்துல எவனும் மெஷினக் கொண்டாந்து வைக்க மாட்டான்."

நான் இருபத்திரண்டு வயதின் அத்தனை திமிரையும் திரட்டிச் சொன்னேன். "நூறு கிளார்க் ஒரு வாரம் எழுதுற பட்டியல ஒரே ராத்திரில தப்பே இல்லாம போட்டுக் காட்டுறேன்ப்பா. மனுசன்தான் தப்புப் பண்ணுவான். கம்ப்யூட்டர் பண்ணாது."

(இந்த வாக்கியத்தை நான் பித்தளைத் தட்டில் பொறித்து வீட்டு வாசலில் மாட்டியிருக்கலாம். அம்மா அதை இப்போதும் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள், கையை ஆட்டி.)

அப்பா மோர்ச்சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அந்த வாரம் அவர்கள் சங்கம் திருமங்கலத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்துவதாக இருந்தது. சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து நானூற்றுச் சொச்சம் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பட்டியல் அடிக்க வேண்டிய டைப்பிஸ்ட் பிரசவ விடுப்பில் போயிருந்தாள்.

"சரி. அந்தச் சீட்டெல்லாம் ஒன்கிட்ட தாரேன். நீ போடு. நான் மைக்ல வாசிக்கிறேன். ஒழுங்கா இருந்துச்சுன்னா மெட்ராஸ். இல்லையா, பி.எட்."

"சரிப்பா."

"இன்னொண்ணு. வெறும் பேரப் போடக் கூடாது. கிராமத்துச் சனம், மரியாதையாக் கூப்பிடணும். ஆம்பளைக்குத் திரு, பொம்பளைக்குத் திருமதி. ஆம்பளைக்கு வடக்குக் கட்டடம், பொம்பளைக்குத் தெக்குக் கட்டடம். அதையும் பக்கத்துலயே போட்ரு."

என் அழிவுக்கு விதை அந்த மரியாதையில்தான் விழுந்தது.

மறுநாள் சீட்டுக்கட்டு வந்தது. பெயர், வயது, வீட்டு எண், ஊர். ஆணா பெண்ணா என்று எந்தச் சீட்டிலும் இல்லை. எதற்கு எழுத வேண்டும்? பெயரைப் பார்த்தாலே தெரியாதா? எழுதியவர்கள் மதுரைக்காரர்கள், வாசிக்கப் போகிறவரும் மதுரைக்காரர். நடுவில் உட்கார்ந்திருந்த மெஷின்தான் வெளியூர். அம்மாவும் ஒரு சீட்டு எழுதிக் கட்டுக்கு நடுவில் செருகினாள். நான் பார்த்துவிட்டேன். அவள் உதட்டில் விரலை வைத்தாள். அப்பா ஒரு வருஷமாகப் பேப்பரைக் கையெட்டும் தூரத்துக்கும் அந்தப் பக்கம் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கண் டாக்டர் என்று சொன்னால் மட்டும் காது கேட்காது.

கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். ராஜன் சார், "பிளாப்பியில எடம் கம்மி. இனிஷியல் வேணாம். பேருக்கு எட்டு எழுத்து போதும்" என்றார். நான் பொதுமக்கள் சார்பில் கடுமையாகப் போராடி ஒன்பது வாங்கினேன். (எட்டோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். பத்து வாங்கியிருந்தாலும் பிழைத்திருப்பேன். அந்த ஒன்பது!) பெயரை எவ்வளவு நீளமாக அடித்தாலும் மெஷின் முதல் ஒன்பது எழுத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

அப்புறம் திரு, திருமதி. நானூறு பெயருக்கும் ஒவ்வொன்றாகக் கையால் போடுவதா? நான் என்ன கிளார்க்கா? (அப்பா மன்னிக்க.) மெஷினே கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு விதி எழுதினேன். மூன்று வருஷம் படித்தது பெண்கள் கல்லூரி. வருகைப் பதிவேட்டை மனசுக்குள் ஓட்டினேன்: விஜயா, சரளா, கலாவதி, சாந்தி, வசந்தி, உமா (நான்தான்). எல்லாம் ஆங்கிலத்தில் ‘ஏ’யில் முடிகிறது, அல்லது ‘ஐ’யில் முடிகிறது. ஆகவே, கடைசி எழுத்து ‘ஏ’ அல்லது ‘ஐ’ என்றால் திருமதி, மற்றதெல்லாம் திரு. நாலே வரி. அதை எழுதி முடித்தபோது அறையில் ஏ.சி. காற்று என் நெற்றியில் கைவைத்து ஆசீர்வதித்ததுபோல் இருந்தது.

மதுரையில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் தெருவில் மட்டும் பாண்டி நான்கு பேர். பால் ஊற்றியவர் பாண்டி, சைக்கிள் கடை வைத்திருந்தவர் பாண்டி, அந்த இருவரின் சண்டையை விலக்கிவிட்டவரும் பாண்டி. மூணாவது வீட்டில் சுப்பிரமணி. எல்லாம் ‘ஐ’. அவர்கள் ஒருவர்கூட அந்தச் சமயம் என் நினைவில் வந்து நின்று, "ஏத்தா, எங்கள என்ன செய்யப் போற?" என்று கேட்கவில்லை. தெரிந்த நாற்பது பெண்களைக் கொண்டு உலகத்தை அளந்துவிட்டேன். (இப்போது இந்த வியாதிக்குப் பெரிய பெரிய பெயர்கள் வைத்து மாநாடு நடத்துகிறார்கள். அழைப்பு வந்தால் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து நகம் கடிப்பேன்.)

சனிக்கிழமை சாயங்காலம் மின்சாரம் போனது. முகாம் நாளான ஞாயிறு விடிந்துதான் வந்தது. பிரிண்டர் கர்புர்ரென்று கத்திக் கத்திக் காகிதத்தைக் கக்கியது. இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளக் காகிதம், புடவை மாதிரி மடிந்து மடிந்து விழுந்தது. சரிபார்க்க நேரமில்லை. மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தேன். வரிகள் எல்லாம் நேராக இருந்தன. இவ்வளவு நேராக இருக்கிற ஒன்று தப்பாக இருக்குமா? அள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தக் காலை எனக்கு இன்னும் வாசனையோடு ஞாபகம் இருக்கிறது. ரோட்டோரம் பருத்திக்காடு வெள்ளை வெள்ளையாகக் கண் விழித்திருந்தது. பஸ் காற்றில் காகிதத்தின் நுனி படபடத்தது. நான் அதை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெட்ராஸில் கடல் எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

பள்ளிக்கூட மைதானம் நிறைந்திருந்தது. வண்டி கட்டி வந்தவர்கள், டவுன் பஸ்ஸில் வந்தவர்கள், நடந்தே வந்தவர்கள். வடக்கில் ஒரு கட்டடம், தெற்கில் ஒரு கட்டடம், நடுவில் மேடை. மேடையில் அப்பா, சலவைச் சட்டையில். பக்கத்தில் மணி சித்தப்பா. சித்தப்பா என்றால் சொந்தம் இல்லை, அப்பாவின் ஆபீஸ் சகா. அப்பா காகிதத்தைக் கையில் வாங்கி எட்டப் பிடித்தார், இன்னும் எட்டப் பிடித்தார், கை தீர்ந்துபோனது.

"என்னத்தா ஒன் மெஷின் எழுத்து இம்புட்டு மங்கலா இருக்கு? மணி, நீ அங்கிட்டுப் போயி நின்னு பிடி."

மணி சித்தப்பா நாலடி தள்ளி நின்று, கல்யாண வீட்டில் புடவையை விரித்துக் காட்டுவதுபோல் காகிதத்தை விரித்தார். அப்பா மைக்கைத் தட்டினார்.

"திருமதி... பாண்டி. தெற்குக் கட்டடம்."

யாரும் அசையவில்லை.

"திருமதி முனியாண்டி. கீழக்குயில்குடி. தெற்குக் கட்டடம்."

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையை நோக்கி ஓடினேன்.

அப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தீபாவளி வந்தது. ஐந்து வருஷம் கோஷம் போட்டும் கிடைக்காத வெற்றி, ஓட்டை போட்ட காகிதத்தில் மடிப்பு மடிப்பாக வந்து இறங்கியிருந்தது.

"அப்பா, அத நீங்களே மாத்தி வாசிங்கப்பா..." என்று மேடைக்குக் கீழேயிருந்து கெஞ்சினேன்.

"பட்டியல்ல எப்படி இருக்கோ அப்படித்தான் வாசிப்பேன்" என்றார் மைக்கிலேயே. "ஒரு எழுத்து கூட்ட மாட்டேன், ஒரு எழுத்து குறைக்க மாட்டேன். கம்ப்யூட்டர் போட்ட பட்டியல் பெரியோர்களே, தப்பே வராது! திருமதி சுப்பிரமணி! திருமதி கருப்பசா!"

(கருப்பசாமிதான். ஒன்பது எழுத்தோடு வெட்டியதில் ‘மி’ போய், ‘ஏ’யில் முடிந்து, பெண்ணாகிவிட்டிருந்தார்.)

அதற்குள் மேடையருகே ஒரு மீசை வந்து நின்றது. மீசைக்குப் பின்னால் ஒரு மனிதரும் இருந்தார்.

"அண்ணே, நாந்தேன் முனியாண்டி. வீட்டுக்காரி வரல. அவ பேரும் முனியாண்டி இல்ல."

"நீங்கதான் திருமதி. தெக்குக் கட்டடத்துக்குப் போங்க."

"அது பொம்பளைக வரிசைல்ல?"

"கம்ப்யூட்டர் சொல்லியிருக்கு. அது தப்பாச் சொல்லாதாம். அந்தா நிக்கிதே எம் பொண்ணு, அதுகிட்டக் கேளுங்க."

முனியாண்டி என்னைப் பார்த்தார். மீசையின் வலப்பக்கத்தை ஒரு முறுக்கு, இடப்பக்கத்தை ஒரு முறுக்கு. "இத ஒங்க மெஷின்ட்ட காட்டுனியா தாயி?"

காட்டவில்லை. அதுதான் பிரச்சினை.

அவர் சிரித்துக்கொண்டே தெற்கே போனார். அவருக்குப் பின்னால் பாண்டிகள் போனார்கள், சுப்பிரமணிகள் போனார்கள். தெற்குக் கட்டடத்தில் நர்ஸம்மா, "யோவ், என்னய்யா இது, கண்ணு தெரியலைன்னா இம்புட்டாவா தெரியாது? இது லேடீஸ்!" என்று கத்துவது மைதானம் முழுக்கக் கேட்டது. "கம்ப்யூட்டர் அனுப்புச்சும்மா" என்று நூறு குரல் பதில் சொன்னது.

வடக்கே கூத்து வேறு மாதிரி. முத்தம்மாள் ஆங்கிலத்தில் ‘எல்’லில் முடிவதால் திரு. ராக்கம்மாள் திரு. சொர்ணம் திரு. ஆண்களில் பாதிப் பேர் தெற்கே போய்விட்டதால் வடக்கு வரிசை காலியாகக் கிடந்தது. முத்தம்மாளை மணி சித்தப்பா ஓடிப்போய்த் தடுத்தார்.

"ஆத்தா, நீங்க பொம்பளைக பக்கம் போங்க. பட்டியல்ல தப்பு."

"எதுக்குய்யா? இங்க கூட்டமே இல்ல. ஆறு பிள்ள பெத்தாச்சு, இனி திருவா இருந்தா என்ன கொறஞ்சு போச்சு? சட்டுனு பாத்து அனுப்பு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

ராஜன் சார் வேர்த்து வழிய வந்து என் காதில் சொன்னார்: "வோல்டேஜ் ஏறி இறங்கிருச்சுன்னு சொல்லிரு. கரண்ட் மேல பழியப் போட்டா யாரும் கேக்க மாட்டாங்க." அப்பாவோடு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மெட்ராஸும் அதன் கடலும் பின்வாங்கிப் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். பி.எட். வகுப்பின் கரும்பலகை என்னை நோக்கி நகர்ந்து வந்தது.

அப்பாவின் குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பெயருக்குப் பெயர் ஒரு ராகம். இப்போது அவர் நல்ல பெயர் ஒன்றுக்கு வந்திருந்தார்.

"திருமதி மீனாட்சி. வயது நாற்பத்தெட்டு. பழங்காநத்தம். தெற்குக் கட்டடம்."

யாரும் வரவில்லை.

"ஆ! ஒண்ணு சரியா வந்துருக்கு. நிஜமான பொம்பளப் பேரு, அதுவும் நம்ம ஏரியா. மீனாட்சியம்மா, வாங்க, கூச்சப்படாதீங்க."

வரவில்லை.

"திருமதி மீனாட்சி எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும். மேடை தெரியலைன்னா பக்கத்துல உள்ளவங்க கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. வயசு நாப்பத்தெட்டு ஆகுது, இன்னும் கண்ணக் காட்டப் பயந்தா எப்படி? வீட்டுல யாரும் எடுத்துச் சொல்லலையா?"

பக்கத்தில் பெஞ்சு ஆடியது. பார்த்தால் அம்மா. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர்.

"என்னம்மா?"

"அது யாருன்னு ஒனக்குத் தெரியல?"

நான் விரல் விட்டு எண்ணினேன். ஆங்கிலத்தில் மீனாட்சிக்கு ஒன்பது எழுத்து. சரியாக ஒன்பது. சுந்தரத்தை மெஷின் விழுங்கிவிட்டிருந்தது.

என் அம்மா பொது இடத்தில் சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை. பஸ்ஸை நிறுத்தக்கூட ஜாடைதான் காட்டுவாள். அன்றைக்கு எழுந்து நின்றாள்.

"ஏங்க! அது நீங்கதாங்க!"

"என்னது?" என்றது மைக். திருமங்கலம் முழுக்கக் கேட்டிருக்கும்.

மணி சித்தப்பா காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். "பத்தாம் நம்பர் வீடு, பழங்காநத்தம். அண்ணே... இது ஒங்க அட்ரசுண்ணே."

ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியில் மைதானத்தில் காற்றுகூட வரிசையில் நின்றது. பிறகு தெற்குக் கட்டடத்திலிருந்து, பெண்கள் வரிசையின் நடுவிலிருந்து, ஒரு மீசையின் குரல் கணீரென்று எழுந்தது.

"தலைவரே! தெக்க வாங்க! எடம் போட்டு வச்சிருக்கேன்!"

அப்புறம் எழுந்த சிரிப்பை என்னால் எழுத முடியாது. தகரக்கூரையில் மழை இறங்கியது மாதிரி. வண்டி மாடுகள் எழுந்து நின்றுவிட்டன. அப்பா மைக்கைப் பிடித்தபடி நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கூட்டத்தில் யாரோ முந்திக்கொண்டார்கள்: "பட்டியல்ல எப்படி இருக்கோ அப்படித்தாண்ணே!"

அவர் தொழிற்சங்கக்காரர். ஊருக்கு ஒரு நியாயம் தனக்கொரு நியாயம் என்று நடக்க அவர் கால் மறுத்துவிட்டது. மைக்கை மணி சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, மேடையிலிருந்து இறங்கித் தெற்கே நடந்தார். மணி சித்தப்பா ஒருவகைப் பரவசத்தில், "திருமதி மீனாட்சி வந்துக்கிட்டிருக்காங்க, வழி விடுங்க" என்று அறிவித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் மேடை ஏறினேன். எப்படி ஏறினேன் என்று இன்றும் தெரியாது. ராஜன் சார் கீழே நின்று ‘கரண்ட், கரண்ட்’ என்று வாயசைத்தார். மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"என் பேரு உமா. கம்ப்யூட்டர் மேல தப்பு இல்ல. நான் சொன்னத அது செஞ்சிருக்கு. நான்தான் தப்பாச் சொன்னேன். எல்லாரும் மன்னிச்சிருங்க. சீட்டு எங்கிட்ட இருக்கு. அரை மணி நேரத்துல சரிபண்ணித் தாரோம்."

சங்கத்துக்காரர்கள் எட்டுப் பேர் பென்சிலோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். நான் சீட்டைப் பார்த்து முழுப்பெயரை வாசிக்க வாசிக்க, அவர்கள் திருமதியை அடித்துத் திரு ஆக்கினார்கள், திருவை அடித்துத் திருமதி ஆக்கினார்கள். அரை மணி என்றது இரண்டு மணி நேரமானது. முத்தம்மாள் மட்டும் கடைசிவரை திருவாகவே இருந்து, முதல் ஆளாகக் கண்ணைக் காட்டிக்கொண்டு, கிளம்பும்போது என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். "அடுத்த வருசமும் நீயே போடு தாயி."

தெற்குக் கட்டடத்தில் நடந்ததை அம்மா பார்த்து வந்து சொன்னாள். டாக்டரம்மா, "எதிர்ல போர்டுல முதல் எழுத்து என்னன்னு சொல்லுங்க" என்றிருக்கிறார். அப்பா கேட்டாராம்: "எந்த போர்டு?"

சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் அப்பா எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் சொட்டுமருந்து விட்டிருந்ததால் உலகம் அவருக்குக் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கி ஜன்னலைப் பார்த்தார். பஸ் கப்பலூரைத் தாண்டியது. நான் மனசுக்குள் கடிதத்தின் இரண்டு துண்டையும் நான்காக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏத்தா, எத்தனை பேர் உக்காந்து திருத்துனாங்க?"

"எட்டுப் பேருப்பா."

"டைப்பிஸ்ட் லீவுல போகலைன்னா, எத்தனை பேரு வேணும் இந்தப் பட்டியலுக்கு?"

"ஒருத்தர்."

அப்பா தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஒரு ஆள் வேலைக்கு எட்டு ஆளு! இந்த மெஷினப் போயி வேலையப் பிடுங்குதுன்னு அஞ்சு வருசமாக் கத்துனேனே! நீ மெட்ராசுக்குப் போத்தா. போற எடத்துல எல்லாம் இதே மாதிரிப் பண்ணு. ஒரு கிளார்க்குக்கும் வேலை போகாது."

"அப்பா... நெசமாவா?"

"பந்தயப்படி நீ தோத்துட்ட. அது வேற." துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். மருந்துதான். "வோல்டேஜு, கரண்டுன்னு எதையாவது சொல்லித் தப்பிச்சிருக்கலாம்ல? நானா இருந்தா சொல்லியிருப்பேன். மேடையில ஏறி, என் தப்புன்னு சொன்ன பாரு, அத மட்டும் விட்றாத. மெஷினுக்குப் பின்னால ஒரு ஆள் நின்னு அதச் சொல்றவரைக்கும் பயம் இல்ல."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "கண்ணாடிக்கு அளவு கொடுத்தாச்சு. மீனாட்சிங்கிற பேர்லதான் பதிஞ்சிருக்கு. போயி வாங்கிட்டு வந்துருங்க."

மெட்ராஸ் போனேன். பெண்கள் விடுதி. வார்டனம்மா கடிதங்களைக் கையில் எடுத்து, அனுப்பியவர் பெயரைப் பார்த்துத்தான் கொடுப்பார். ஆண் பெயர் என்றால் ‘யார் இது?’ என்று ஒரு விசாரணைக் கமிஷன். அப்பா என்றால்கூட, ‘எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க’ என்பார். எனக்கு மட்டும் வாரம் ஒரு கடிதம் விசாரணையில்லாமல் வந்தது. அழகான கையெழுத்தில், அனுப்புநர்: திருமதி மீனாட்சி, பழங்காநத்தம், மதுரை.

"ஒங்க பெரியம்மாவுக்கு ஒம்மேல எம்புட்டுப் பிரியம்" என்று, நான் பெரியம்மா என்று சொல்லிவைத்ததை நம்பி, வார்டனம்மா ஒருநாள் நெகிழ்ந்தார். "ஆனா உள்ள அரசியலா எழுதுறாங்களே!" என்றார் இன்னொரு நாள். (ஆக, படித்திருக்கிறார்.)

இவ்வளவு வருஷத்தில் எத்தனையோ பேருடைய பெயர்களைப் பெட்டிக்குள் போட்டாயிற்று. ஒரு எழுத்து மாறியதற்காக வெயிலில் நிற்கிற பெரியவர்களைப் பார்க்கிறேன். "சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு" என்கிறார்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். அப்பா அன்று கேலிக்குச் சொன்ன வாக்கியம் அது. இவர்கள் சிரிக்காமல் சொல்கிறார்கள். அப்போதெல்லாம், ஒரு மீசை எழுந்து நின்று, "தலைவரே, தெக்க வாங்க" என்று கூப்பிட ஒரு மைதானம் இல்லையே என்று தோன்றும். என்னால் முடிந்தது ஒன்றுதான். நான் செய்த எந்த வேலையிலும் பெயருக்கான கட்டம் அறுபது எழுத்து. சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள்: "எதுக்கு மேடம் இவ்வளவு? வேஸ்ட்." "எங்கப்பா காலை நீட்டி உக்காரணும்" என்பேன்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது ரொம்ப உறுதியாகப் பேசினால், "தெற்குக் கட்டடம்!" என்று ஒரு குரல் வரும். அத்துடன் பேச்சு முடிந்தது.

போன மாதம் அப்பா போன் செய்தார். எண்பதைத் தாண்டியும் மைக் தேவைப்படாத குரல்.

"ஹலோ, யாரு?"

"திருமதி மீனாட்சி பேசுறேன்."

"சொல்லுங்கம்மா."

"புதுசா ஒரு அட்டை வந்துச்சுத்தா. கண்ணாடி போட்டு ரெண்டு தடவ பாத்துட்டேன். மீனாட்சிசுந்தரம்னு முழுசா இருக்கு. ஒரு எழுத்துத் தப்பில்ல." பிறகு, உண்மையான கவலையோடு கேட்டார்:

"மெஷினு திருந்திருச்சு போல. அந்த எட்டுப் பேரும் இப்ப என்னத்தா பண்ணுவாங்க?"